கைக்குள் அடங்கும் மினர்வா: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

போன ஏப்ரலில் குடும்பத்தோடு இத்தாலி போயிருந்தோம். ஒரு அருங்காட்சியகத்தில் பெரிய பளிங்குச் சிலைகளையெல்லாம் பார்த்து முடித்து, கால் கடுக்க வெளியே வரும் வழியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நின்றிருந்தாள். மினர்வா. ரோமானியர்களின் போர்த் தெய்வம். வெண்கலம்தான், ஆனால் என் ஒரு சாண் உயரம்கூட இல்லை.

வலக்கை உயர்ந்து மூடியிருக்கிறது, முட்டிக்குள்ளே ஒரு துளை. ஈட்டியைத் தனியாகச் செய்து அதில் செருகியிருப்பார்கள், அது எப்போதோ போய்விட்டது. தலைக்கவசம் கொரிந்திய வகை. சண்டையில் முகம் முழுக்க மூடுவது. இவள் அதை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நிற்கிறாள். மார்புக் கவசத்தில் மொச்சைக்கொட்டை அளவில், பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெதூசாவின் முகம். இடது கண்ணில் பதித்த வெள்ளி இன்னும் மின்னுகிறது, வலது கண் வெறும் குழி. மடிப்புகளில் பச்சைக் களிம்பு. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். சுவரை ஒட்டி வைக்கிற சிலை, யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் பின்னலின் ஒவ்வொரு புரியையும் வார்த்த பிறகு உளியால் தீட்டியிருக்கிறான் அந்தக் கைவினைஞன். அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

"சண்டை போடற சாமியை எதுக்கும்மா வீட்டுக்குள்ள வெச்சாங்க?" என்றாள் மகள். நல்ல கேள்வி. இந்தச் சின்னச் சிலைகளில் பல, லாராரியம் என்ற வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தவை. மறுநாள், எரிமலையில் புதைந்துபோன ரோமானிய நகரமான பொம்பேயில் அந்த மாடங்களை நேரில் பார்த்தோம், சில சமையற்கட்டிலேயே இருக்கின்றன. இவள் சண்டைக்கு மட்டுமான சாமி இல்லை. நெய்கிறவர், சாயம் தோய்ப்பவர், துணி வெளுப்பவர், தச்சர், மருத்துவர், வாத்தியார் எல்லோருக்கும் இவள்தான் காவல். அந்தக் காலத்தில் மார்ச் 19 அன்று தொடங்கிய இவள் திருவிழா ஐந்து நாள். முதல் நாள் அவள் பிறந்தநாள் என்பதால் இரத்தம் சிந்தக்கூடாது, வாள்வீரர் சண்டையெல்லாம் அடுத்த நாளிலிருந்துதான் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிவைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் என் பெண்ணுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

---

அக்கா, நான் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறேன். பக்கத்து ஊர் பாத், ரோமானியர் காலத்தில் வெந்நீர் ஊற்றை ஒட்டி இவளுக்குக் கோயில் இருந்த இடம். அங்கே இருப்பது சின்னச் சிலை இல்லை, ஆளைவிடப் பெரிய ஒரு சிலையின் தலை மட்டும். 1727-இல் சாக்கடைக்குத் தோண்டிய வேலையாட்கள் கண்டெடுத்தது. வெண்கலத்தின் மேல் தங்கம், அதுவும் ஆறு முறை பூசியிருக்கிறார்கள். இங்கே இவளுக்கு உள்ளூர் ஊற்றுத் தெய்வத்தின் பெயரும் சேர்ந்து, சூலிஸ் மினர்வா. தலைக்கவசம் காணாமல் போய்விட்டதால், நடுவகிடு எடுத்த ஒரு சாதாரணப் பெண் மாதிரியே தெரிகிறாள்.

எனக்கு நெஞ்சைத் தொட்டது அந்த முகத்தைவிட ஈயத் தகடுகள்தான். திருட்டுக் கொடுத்தவர்கள் முறையீட்டைத் தகட்டில் கீறி, சுருட்டி, வெந்நீர் ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. டோகிமெடிஸ் என்று ஒருவர், தன் இரண்டு கையுறைகளைக் காணோம், எடுத்தவன் இந்தக் கோயிலிலேயே புத்தியையும் கண்ணையும் இழக்கட்டும் என்று கேட்கிறார். கையுறைக்கு இவ்வளவு கோபமா என்று முதலில் தோன்றியது. இந்தச் சோமர்செட் பக்கத்து ஜனவரிக் குளிரில் பஸ்ஸுக்கு நின்று பழகிய பிறகு, அவர் கோபம் நியாயம்தான் என்று புரிகிறது.

---

தம்பி, கையுறைக் கதையை இரவு மகளிடம் சொன்னேன். பாத் போகலாமா என்று இப்போதே நச்சரிக்கிறாள். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கையில் ஈட்டியோடு முழுசாக இருக்கிற சின்ன மினர்வாவை யாராவது பார்த்திருந்தால், எந்த ஊர், எந்த அறை என்று எழுதுங்கள்.