வான் அடிச்சு கால் முறிஞ்சா நட்டஈடு எடுக்கிறது எப்பிடி?

கேள்வி (களுவாஞ்சிக்குடி, இலங்கை):
சாரதி நீதவான் கோட்டில குற்றத்த ஒத்துக்கிட்டு தண்டப்பணம் கட்டிட்டார். அதோட நட்டஈடும் வருமா? இப்ப வான்காரர் கொஞ்சக் காசு தாறன், கையெழுத்து வையுங்க எண்டு நிக்கிறார்.

பதில் 1:
தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போறது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில தனி வழக்குப் போடவேணும், அதுவும் விபத்து நடந்து 2 வருசத்துக்குள்ள. பொலிஸ் வழக்கு முடியட்டும் எண்டு பாத்திருந்துதான் கனபேர் கோட்டை விடுறது. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” எண்டு இருக்கிற கடுதாசியில கையெழுத்து வையாதீங்க. கம்பி வச்ச காலுக்கு அதைக் கழட்டவும் ஒரு ஒப்பரேசன் வரலாம்.

பதில் 2:
வழக்குப் போட முதல், இல்லாட்டி போட்டு 7 நாளுக்குள்ள, வானின்ட காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில அறிவித்தல் போகவேணும். போகாட்டி தீர்ப்பு வந்தாலும் கம்பனி கட்டாது, சாரதிக்குப் பின்னால அலையவேண்டியதுதான். பதிவுத் தபாலில அனுப்பி ரசீதை வச்சிருங்க.

பதில் 3:
சட்ட வைத்திய அறிக்கை, டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில தாற நோய் விபர அட்டை), எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாம் சேருங்க. வயல், கடல் தொழிலுக்குச் சம்பளச் சிட்டை இல்லைதானே. நெல் வித்த பில்லோ, மீன் வாங்கிற முதலாளியின்ட கணக்குக் கொப்பியோ உதவும். மோட்டார் சைக்கிள்ல ஹெல்மெட் போடாம போய் தலையிலயும் அடிபட்டிருந்தா, உங்கட பக்கப் பிழை எண்டு தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு கேக்கும்.