தட்டட்டித் தோட்டத்துக்கு சோலார் சொட்டுநீர்: எது எங்கே இடறும்?

தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், மண் காய்ஞ்சதைச் சென்சார் பார்த்துச் சொல்ல, தானே சொட்டுநீர் விடுற சோலார் அமைப்பைப் பற்றி நாலு ஊர்க்காரங்க எழுதினது.

பாளையங்கோட்டையிலிருந்து

இருபது செடிப் பைக்குத் தேவையானது இவ்வளவுதான்: 12 வோல்ட் 20 வாட் பேனல், பேட்டரிக்கு அளவா ஏற்ற சார்ஜ் கன்ட்ரோலர், 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, மூளையா ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), 5 வோல்ட்டுக்கு இறக்க பக் கன்வெர்ட்டர், பம்பைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்சா ரிலே, மண் ஈரச் சென்சார் மூணு. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல். கழற்றும்போது தலைகீழ்.

பலபேர் மாட்டிக்கிடுறது வால்வில். கடையில் அரை இஞ்ச் சோலனாய்டு (மின்காந்த) வால்வைத்தான் எடுத்து நீட்டுவாங்க. அதில் பெரும்பாலும் தண்ணீர் அழுத்தம்தான் உள்ளே இருக்கிற ரப்பர்த் தட்டைத் தூக்கணும், சுமார் 0.2 பார் கேட்கும். அதாவது தொட்டியின் நீர்மட்டம் வால்வுக்கு 2 மீட்டர் மேலே நிக்கணும். தட்டட்டியிலேயே நாலு செங்கல் வரிசை மேலே தொட்டி இருந்தா 1 மீட்டர் தேறினாலே பெருசு. ‘டொக்’னு சத்தம் வரும், தண்ணி வராது. ஆள் விடிய விடிய போர்டில் எழுதின கோடில் (நிரலில்) தப்புத் தேடிக்கிட்டிருப்பார். மோட்டார் வைத்த பால் (உருண்டை) வால்வு போடுங்க, இல்லேன்னா 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப். பம்ப் முனையில் 1என்4007 டயோடு ஒண்ணைத் தலைகீழாக் கட்டணும். இல்லாட்டி பம்ப் நிற்கிற உதைப்பில் போர்டு ரீசெட் ஆகும்.

திசையன்விளையிலிருந்து

உப்புத் தண்ணி போர் உள்ளவங்களுக்கு: டிரிப்பரே (சொட்டு விடுற முனை) வேண்டாம். வடிகட்டி மணலை நிறுத்தும், கரைஞ்ச உப்பை நிறுத்தாது. வெயிலில் டிரிப்பர் வாய் காயக் காய வெள்ளைப் பொருக்கு கட்டி அடைச்சிடும். 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூபை நேரா விட்டு, நீளத்தைக் கூட்டிக் குறைச்சு ஓட்டத்தைச் சரிபண்ணுங்க. அடைச்சா நுனியில் ஒரு விரற்கடை வெட்டி எறிஞ்சாப் போதும். ஏற்கெனவே வாங்கின டிரிப்பரை லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைச்சு ராத்திரி முழுக்க ஊறப் போடலாம்.

ரெண்டு கால் நீட்டிக்கிட்டிருக்கிற மலிவுச் சென்சாரும் இந்தத் தண்ணிக்கு ஆகாது. மின்சாரம் பாயப் பாய ஒரு கால் அரிச்சே போயிரும்.

மானூரிலிருந்து

திசையன்விளை அண்ணாச்சி சொன்னது சரி, அதுக்குப் பதிலா உலோகம் மண்ணைத் தொடாத கெப்பாசிட்டிவ் சென்சார்தான் வாங்கணும். ஆனா வாங்கும்போதே அதிலுள்ள சில்லைப் பாருங்க. என்இ555 போட்டது போர்டு தர்ற 3.3 வோல்ட்டில் ஒழுங்கா ஓடாது, 4.5 வோல்ட்டாவது கேட்கும். டிஎல்சி555 போட்டது ஓடும். சென்சார் பலகையின் வெட்டு விளிம்பு தண்ணியை உறிஞ்சும். நெயில் பாலிஷ் ரெண்டு கோட், மேலே உள்ள சில்லுப் பகுதிக்கு எப்பாக்ஸி.

சென்சார் ஒயரை ஈஎஸ்பி32-இல் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் ஒண்ணில் மாட்டுங்க. மத்த அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது வாசிக்காது. ரிலேக்கு 25, 26, 27 நல்லது. 12-ஐத் தொடாதீங்க, போர்டு எழும்பாமலே போகலாம்.

சென்சார் காட்டுற எண்ணுக்கு அளவு பிடிக்க, அந்தப் பை மண்ணையே ஒரு தடவை வெயிலில் காயவெச்சு ஒரு எண்ணும், தண்ணி விட்டு வடிஞ்சபிறகு ஒரு எண்ணும் குறிச்சுக்கிடணும். தேங்காய் நார்த்தூளுக்குக் குறிச்ச எண் கரிசலுக்கு உதவாது. கரிசலில் இன்னொரு வம்பு: காய்ஞ்சா வெடிக்கும். சென்சாரைச் சுற்றி விரிசல் விட்டா அது காற்றைத்தான் அளக்கும், மண் ஈரமா இருந்தாலும் ‘வறட்சி’ன்னு காட்டும். பம்ப் நிற்காம ஓடி தொட்டியைக் காலிபண்ணும். அதனால சென்சார் என்ன சொன்னாலும் 5 நிமிஷத்தில் நிற்கிற வரம்பு கோடில் கட்டாயம் வேணும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

பேனலைத் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்ச்சாப் போதும். நம்ம அட்சரேகை 8.7, சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும், அதனால அதிகம் சாய்ச்சா நஷ்டம். படுக்கையா வெச்சா மழை தூசியைக் கழுவாது. ஆனி ஆடி மேல்காத்துக்கு நாலு காலிலும் சிமெண்ட் கட்டை கட்டுங்க. அந்தக் காத்தில் பை மண் சித்திரை வெயிலைவிட வேகமாக் காயும். வாழைச்சருகு ரெண்டு இஞ்ச் கனத்துக்குப் போர்த்துங்க, ஆத்தங்கரைப் பக்கம் அதுக்கா பஞ்சம்.

பேட்டரியைப் பேனலுக்கு அடியில் வைக்காம மாடிப்படி நிழலில் வைங்க. 45 டிகிரி சூட்டுக்கு மேலே சார்ஜ் ஏற்றினா ஆயுசு குறையும்.

பாளையங்கோட்டையிலிருந்து, மறுபடி

மின்சாரக் கணக்கையும் பார்த்திடுவோம். 3 ஆம்பியர் பம்ப் காலை 5 நிமிஷம், மாலை 5 நிமிஷம் ஓடினா நாளுக்கு 6 வாட்-அவர். ஈஎஸ்பி32 வைஃபையோட நாள் முழுக்க முழிச்சிருந்தா, 5 வோல்ட்டில் சராசரி 100 மில்லிஆம்பியர்னு வெச்சாலும் 12 வாட்-அவர். பம்பைவிட மூளைதான் தின்னுது! அரைமணிக்கு ஒருதரம் எழுப்பி, வாசிச்சு, திரும்ப டீப் ஸ்லீப்பில் (ஆழ்ந்த உறக்கத்தில்) போடுங்க. அப்பவும் போர்டில் எரியிற சிவப்பு எல்இடி, ரெகுலேட்டர், பக் கன்வெர்ட்டர் மூணும் சில மில்லிஆம்பியரைக் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

பெட்டியில் ஒயர் நுழையிற ஓட்டைக்குக் கேபிள் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிச்சு ஓட்டையை அடைக்கிற மூடி) போடாம விட்டா, கதகதப்புக்குப் பல்லி உள்ளே குடியேறும். முதல் மழையில் ரிலே ஏன் ஒட்டிக்கிச்சுன்னு திறந்தா, முனைகளுக்குக் குறுக்கே வாலும், சுற்றி எறும்புமாக் கிடக்கும்.