வெட்டுப்புள்ளி பெறாத பிள்ளைக்கு எந்த வேதக் கதையைச் சொல்வது?

கேள்வி: கல்லடி ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் எங்கள் தேவாலயத்தின் ஓய்வுநாள் பாடசாலையில், எட்டு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகளாகக் கதை சொல்லி வருகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறுகள் வெளியான வாரத்தில் வகுப்பில் நடந்த ஒன்றை எழுதி, அனுபவமுள்ளவர்களிடம் கருத்துக் கேட்க விரும்புகிறேன்.

அந்த வாரம் தேவாலயத்துக்கு வரும் வழியெங்கும் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு பதாகைகள் கட்டியிருந்தார்கள். என் வகுப்பில் பரீட்சை எழுதிய நால்வரில் மூவர் சித்தி. ஒரு பிள்ளைக்கு வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளிகள் குறைந்துவிட்டன. வழக்கமாக முன்வரிசைக்கு முண்டியடித்து வரும் அந்தப் பிள்ளை, அன்று கதவடியில், கழற்றிவைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும், ஆயத்தம் செய்திருந்த பாடத்தை விட்டுவிட்டு, நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். வாவிக்கரையில் ஒரு தகப்பன் செய்த தோணி சற்றுக் கோணலாகிவிடுகிறது, ஊரார் நகைக்கிறார்கள், தகப்பன் மட்டும் அதைக் கைவிடவில்லை, கடைசியில் தோணிப் போட்டியில் அதுவே முதலாவதாக வருகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கதவடியில் இருந்த பிள்ளை கையை உயர்த்தாமலே கேட்டது: “ரீச்சர், தோணி தோத்திருந்தா அப்பா அத விறகுக்குக் கொத்தியிருப்பாரா?”

அப்படிச் செய்திருக்கமாட்டார் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் என் கதையில் அதற்கு ஆதாரமாக ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கும் தெரிந்தது, அந்தப் பிள்ளைக்கும் தெரிந்தது.

நீ எப்படியிருந்தாலும் ஆண்டவருக்கு அருமையானவன் என்று சொல்வதற்காகத் தொடங்கும் கதைகள், ஏன் எப்போதும் ஒரு வெற்றியில் போய் முடிகின்றன? வெற்றி இல்லாமலே அன்பைக் காட்டும் வேதக் கதைகள் எவை, அவற்றை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பதில் 1: பாண்டிருப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்பு மகளுக்கு, உங்கள் கதையின் ஓட்டை எந்த இடத்தில் என்பதை அந்தப் பிள்ளையே தொட்டுக் காட்டிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதே வகைக் கதைகளைச் சொன்னவன்தான். என்னிடம் ஒரு பிள்ளையும் அப்படிக் கேட்கவில்லை என்பது இப்போது எனக்குப் பெருமையாகத் தோன்றவில்லை.

நான் முதலில் எடுப்பது லூக்கா 15ஆம் அதிகாரத்தில் உள்ள காணாமற்போன வெள்ளிக்காசு. ஆட்டுக்கும் இளைய மகனுக்கும் நடுவில் வெறும் மூன்று வசனங்களில் வந்துபோவதால், அதைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஆடாவது கத்தும், மகனாவது எழுந்து நடப்பான். காசு ஒன்றுமே செய்வதில்லை. தொலைந்ததும் அதற்குத் தெரியாது, கிடைத்ததும் அதற்குத் தெரியாது. விளக்கைக் கொளுத்துவதும், வீட்டைப் பெருக்குவதும், குனிந்து தேடுவதும், அயலவரைக் கூப்பிட்டு மகிழ்வதும் எல்லாம் அதைத் தொலைத்த பெண்தான். அக்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு காசு ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். மண்ணுக்குள் கிடந்த நேரத்திலும் அது ஒரு நாள் சம்பளமாகவே கிடந்தது.

இதைச் சொல்லும் நாளில் நான் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைச் சேற்றில் நன்றாகப் புரட்டி, ஒரு பிள்ளையிடம் கொடுத்து, எதிர்க் கடைக்கு ரொபி வாங்க அனுப்புவேன். ஒருமுறை கடைக்காரர் சினந்து, கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். ஆனால் ஊத்தையாக இருக்கிறது, ஐந்து ரூபாய்க்குத்தான் எடுப்பேன் என்று அவரும் சொல்லவில்லை. அதற்கு மேல் அந்தக் கதைக்கு விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காசுக்கு வெட்கம் கிடையாது, செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்காரும் பிள்ளைக்கு உண்டு. ஆகவே அடுத்த வாரம் இளைய மகனின் கதை வேண்டும். அதை “கெட்ட குமாரன்” என்ற தலைப்போடு தொடங்காதீர்கள். தகப்பன் ஓரிடத்திலும் அவனை அப்படி அழைக்கவில்லை, அது பின்வந்தவர்கள் இட்ட பெயர். தகப்பனின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்துக்கொண்டு இருக்கும்போதே அவன், வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பாடமாக்கிக்கொள்கிறான்: பாவஞ்செய்தேன், இனி உம்முடைய மகன் என்று சொல்ல நான் தகுதியில்லை, என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தகப்பனோ அவன் தூரத்தில் வரும்போதே கண்டு, ஓடிப் போய்க் கட்டிக்கொள்கிறார். மகன் பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்குகிறான். ஆனால் கூலிக்காரன் என்ற கடைசிப் பகுதி அவன் வாயிலிருந்து வருவதற்குள் அங்கியும் மோதிரமும் பாதரட்சையும் வந்துவிடுகின்றன. இந்த இடத்தில் ஓட்டமாகச் சொல்லிப் போகாமல் சற்று நிறுத்துங்கள். பிள்ளைகளும் திட்டு வாங்குவதற்கு முன்னால் இப்படிப் பாடமாக்குகிறவர்கள்தான், அவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

பதில் 2: பெரியகல்லாறு, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

மாற்றுக் கருத்துக்கு மன்னிக்க வேண்டும். போட்டி நிறைந்த உலகத்தில் பிள்ளைகளை வளர்க்கும் எங்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் கொஞ்சம் பயத்தைத் தருகின்றன. படித்தாலும் படிக்காவிட்டாலும், பொய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆண்டவரின் அன்பு ஒரே அளவுதான் என்று வாரந்தோறும் கேட்கும் பிள்ளை, பிறகு எதற்காக முயற்சி செய்யும்? என் மூத்த மகள் இரவு பத்து மணி வரை இருந்து படித்துச் சித்தியடைந்தவள். அவளுடைய உழைப்புக்கு உங்கள் கதைகளில் இடமே இல்லையா?

பதில் 3: தாண்டவன்வெளி, மறைக்கல்வி ஆசிரியர்

பெரியகல்லாற்று ஐயாவின் கேள்வி நியாயமானது, என் வகுப்புப் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சக்கேயுவின் கதையில் நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்கச் சொல்வதுண்டு. வரி தண்டுபவன், குள்ளன், ஊரார் வெறுத்தவன், மரத்தின் மேல் ஏறி ஒளிந்து பார்க்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சக்கேயு சொல்வது அதற்குப் பிறகுதான். முதலில் திருந்து, பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் மரத்திலேயே இருந்திருப்பான். நிபந்தனையில்லாத அன்பு ஒரு மனிதனைச் சும்மா இருக்க விடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

உங்கள் மூத்த மகளைப் பற்றி ஒரு சொல். நாங்கள் ஊதாரி மைந்தன் என்று சொல்லும் அதே இளைய மகனின் கதையில் மூத்தவனும் இருக்கிறான். இத்தனை ஆண்டுகள் உமக்கு அடிமை போல உழைத்தேன், எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று வீட்டுக்கு வெளியே நிற்கிறான். வீட்டிலேயே இருந்துகொண்டு, தன்னைக் கூலிக்காரனாகவே எண்ணிக்கொண்டவன் அவன். தகப்பன் விருந்தை விட்டு எழுந்து அவனிடமும் வெளியே போகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்பதைக் கதை சொல்லவில்லை. பதாகையில் படம் வந்த மூன்று பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி வேண்டும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் வாடைக்காற்றில் பதாகை கிழிந்த பிறகும் அவர்கள் சாதாரண தரம், உயர்தரம் என்று இன்னும் பல பரீட்சைகள் எழுத வேண்டியிருக்கிறது.

சகோதரி கேட்ட, வெற்றியில் முடியாத கதைக்கு நான் வைத்திருப்பது, தாவீதின் நண்பன் யோனத்தானுடைய மகனின் கதை. அவனுடைய பெயர் சிறுவர்களின் வாயில் நுழையாது, அதை விட்டுவிடலாம். போரில் தோல்விச் செய்தி வந்த அன்று செவிலித்தாய் ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடும்போது அவன் விழுந்து, இரண்டு கால்களும் முடமாகின்றன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவுகளை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார் உள்ள ஊர் எங்களுடையது, ஆகவே இந்த இடத்தில் வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். பின்னர் தாவீது அரசர் அவனைத் தேடி அழைப்பிக்கிறார். வந்தவன் தன்னையே செத்த நாய் என்கிறான். தாவீதோ, அவன் தகப்பனுக்காக, அரச குமாரரில் ஒருவனைப் போலத் தம் பந்தியில் அமர்த்துகிறார். 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள்: அவன் எந்நாளும் அரச பந்தியில் உண்டான், அவனுக்கு இரு கால்களும் முடமாயிருந்தன. கால் குணமாகவில்லை, இருக்கையும் பறிபோகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் கைகோத்தே வளர்ந்தவை. 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளியே இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்த உறவால் நாம் அடைந்த நன்மைகள் மிகப் பல. ஆனால் பள்ளிக்கூடத்துப் புள்ளிக் கணக்கும் அதன் பின்னாலேயே ஞாயிறு வகுப்புக்குள் வந்துவிட்டது. வருகைக்கு ஒரு நட்சத்திரம், வசனம் ஒப்பித்தால் ஒரு நட்சத்திரம் என்று சுவரில் அட்டை தொங்கவிடுகிறோம். அதற்குக் கீழே நின்று, ஆண்டவர் உன்னைப் புள்ளி பார்த்து நேசிப்பதில்லை என்று கதை சொன்னால், பிள்ளை நம் வாயைப் பார்க்குமா, சுவரைப் பார்க்குமா?

பதில் 4: கேள்வி கேட்ட ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. எங்கள் வகுப்புச் சுவரிலும் அப்படியொரு அட்டை இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு அந்தக் கணக்கு வேண்டும் என்று குழுவினர் சொல்வதால் அதை இன்னும் கழற்ற முடியவில்லை. கதை சொல்லும் நேரத்தில் மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கவிடுகிறேன்.

வெள்ளிக்காசையும் இளைய மகனையும் இரண்டு வாரங்களில் சொல்லி முடித்தேன். ஐயா சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அப்போது, பதாகையில் படம் வந்த பிள்ளைகளில் ஒன்று எழுந்து, சென்ற தவணையில் கணிதத்துக்குக் குறைந்த புள்ளி எடுத்தபோது தானும் வீட்டுக்குப் போகும் வழியில் இப்படித்தான் பாடமாக்கியதாகச் சொன்னது. சித்தியடைந்த பிள்ளையிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் தோணிக் கதையைத் திரும்ப எடுத்தேன். முன்பு சொன்னதில் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்று என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டு, தோணி போட்டியில் கடைசியாக வந்ததாகவும், அது வருவதற்குள் இருட்டிவிட்டதாகவும், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் தகப்பன் அரிக்கன் லாம்போடு முழங்கால் தண்ணீரில் நின்றதாகவும், அதைக் கரைக்கு இழுத்து நீர் கசிந்த இடத்தை அடைத்ததாகவும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. கதவடியில் இருந்த பிள்ளை, “பிறகு?” என்றது. பிறகு மறுநாள் விடிய இருவரும் வழமைபோல மீன்பிடிக்கப் போனார்கள் என்றேன். என்ன மீன் பட்டது என்று அடுத்த கேள்வி வந்தது. நான் யோசிப்பதற்குள் ஒரு பிள்ளை கொடுவா என்றது, மற்றவர்கள் அந்த நேரத்தில் இறால்தான் படும் என்றார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பதற்காகக் கதவடிப் பிள்ளை செருப்புகளைத் தாண்டி முன்வரிசைக்கு வந்துவிட்டது.