மத்தியானம் போடும் சோடாவில் மட்டும் காஸ் நிற்கவில்லை, உதவி வேண்டும்

காசிமேடு சோடா கடை:
வணக்கம். மீன்பிடித் துறைமுகம் பக்கம் சின்ன சோடா கடை வைத்திருக்கிறேன். கையால் சுற்றும் மெஷின், கோலி பாட்டில். காலையில் போடுவது மூக்கில் ஏறும். பன்னிரண்டு மணிக்கு மேல் போட்டால் திறக்கும்போது நுரை பொங்கி வழிகிறது, டம்ளரில் ஊற்றினால் சப்பென்று இருக்கிறது. தண்ணீர் மொட்டைமாடி சின்டெக்ஸில் இருந்து வரும் மெட்ரோ வாட்டர், ஃபில்டர் போட்டுத்தான் பிடிக்கிறேன். சிலிண்டர் முள் குறையவே இல்லை. ரெகுலேட்டரைக் கூட்டி வைக்கலாமா?

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
தம்பி, முள்ளை நம்பாதீங்க. சிலிண்டருக்குள் காஸ் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டு திரவம் தீரும் வரை முள் இறங்காது. எடை போட்டுப் பாருங்க, காலி எடை கழுத்தில் பொறித்திருக்கும். அப்புறம் பாட்டில் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம். அது காய்ந்து போனால் கோலி சரியாக அடைக்காது. சிலிண்டரை வெயிலில் வைக்கவே கூடாது.

காசிமேடு சோடா கடை:
எடை பார்த்தேன் அண்ணா, பாதிக்கு மேல் இருக்கிறது. ரப்பர் புதுசு.

கொருக்குப்பேட்டை:
எங்க ஏரியா போர் தண்ணீரில் சோடா போட்டால் எப்பவுமே சப்புதான். உப்புதான் காரணமாக இருக்கும்.

வியாசர்பாடி வேதியியல் டீச்சர்:
ரெகுலேட்டரைத் தொடாதீங்க தம்பி. காரணம் சின்டெக்ஸ் சூடு. சாதாரண காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 1.7 கிராம். 30 டிகிரியில் ஏறக்குறைய 1.3 கிராம்தான். மத்தியானம் உங்கள் டேங்க் தண்ணீர் அதற்கும் மேலே போயிருக்கும். 5 டிகிரி தண்ணீரில் கிடைக்கும், மூக்கில் ஏறும் அதே காரம் 30 டிகிரியில் வேண்டுமானால் அழுத்தத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். பழைய கண்ணாடி பாட்டிலில் அதைச் செய்தால் வெடிக்கும், கண் போய்விடும். நுரை வருவதும் அதனால்தான்: சூடான தண்ணீரில் காஸ் ஒட்டி நிற்காது, திறந்ததும் மொத்தமாகக் கிளம்பிவிடும்.

காசிமேட்டில் மீனுக்குப் போடும் பார் ஐஸ் தாராளமாகக் கிடைக்குமே. தண்ணீரை மூடிய கேனில் பிடித்து, ஐஸ் நிரப்பிய டிரம்முக்குள் இறக்குங்க. அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் படவே கூடாது, கேனுக்கு வெளியில் மட்டும்தான். 20 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 5க்கு இறக்க ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் ஐஸ் கரைய வேண்டும். வெயிலில் வீணாவதையும் சேர்த்துப் பத்து கிலோ வைத்துக்கொள்ளுங்க. டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்க.

கொருக்குப்பேட்டை நண்பருக்கு: போர் தண்ணீரில் இருக்கும் அளவு உப்பால் காஸ் கரைவது பெரிதாகக் குறையாது. ஆனால் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாக இருந்தால் சோடாவின் புளிப்பை அது அடித்துவிடும். காஸ் இருந்தும் நாக்குக்குச் சப்பென்று தெரியும். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்க.

கொருக்குப்பேட்டை:
ஆமாம் டீச்சர், சுண்ணாம்பு மாதிரி அப்பிக் கிடக்கிறது. கேன் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன்.

காசிமேடு சோடா கடை:
டீச்சர், ஐஸ் டிரம் வைத்தாச்சு. இன்று ரெண்டு மணிக்குப் போட்ட பாட்டிலும் காலை மாதிரியே ஏறுகிறது. ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம்: லெமன் சோடாவில் உப்பு போட்டதும் பாதி பொங்கி வெளியே போகிறது. அதை எப்படி நிறுத்துவது?

வியாசர்பாடி வேதியியல் டீச்சர்:
உப்புத் தூளின் சொரசொரப்பிலும் இடுக்கிலும் காற்று ஒட்டியிருக்கும். கரைந்திருக்கும் காஸ் அங்கே போய்க் குமிழியாகத் திரளும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடத்தில் அது நடப்பதால்தான் பொங்குகிறது. அதனால் உப்பை எலுமிச்சைச் சாற்றில் முழுசாகக் கரைத்து டம்ளர் அடியில் விடுங்க. அப்புறம் டம்ளரைச் சாய்த்து, சோடாவை ஓரமாக மெதுவாக ஊற்றுங்க. டம்ளரையும் நன்றாக அலசிக்கொள்ளுங்க. துடைத்த துணியின் நூல் ஒட்டியிருந்தால் அதிலும் குமிழி கிளம்பும்.