மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி ஐந்து நிமிடம் பேசிய அனுபவம்

உள்ளூர் வரலாற்றுப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் ஐந்து நிமிட செமினார் எடுக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியை கூறியபோது, நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டி வழியாக ஆற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். தகவல்களுக்குக் குறைவில்லை: காமராஜரின் முயற்சியால் உருவாகி 1966-இல் கட்டப்பட்டது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், 1,240 அடி நீளம், 28 தூண்கள். இவற்றை நான் வீட்டில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, திருவட்டாறில் வாழை பயிரிடும் என் பாட்டா இடைமறித்தார்.

"மக்கா, ஒசரத்தையும் நீளத்தையும் சொன்னா ஆரு ஞாபகம் வைப்பா? வெள்ளம் எதுக்கு ஆத்துக்கு மேல போவுதுண்ணு சொல்லு."

எங்கள் வட்டாரத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அந்தக் கேள்வியையே மையமாக வைத்து உரையை அமைத்தேன். பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீர் விளவங்கோடு பகுதிக்குச் செல்லும் வழியில் பள்ளத்தாக்கு குறுக்கிடுகிறது. திறந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பள்ளத்தில் இறங்கிவிட்டால் எதிர்க்குன்றில் தானாக ஏறாது என்பதால், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு மட்டம் அதிகம் தாழாதபடி தொட்டியைத் தாங்கி நிற்க அத்தனை உயரமான தூண்கள் தேவைப்பட்டன. இதை விளக்கிய பிறகு சொன்னால்தான் 115 அடி என்ற எண்ணுக்குப் பொருள் இருக்கிறது.

முழு உரையையும் மனப்பாடம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை; ஒரு சொல் மறந்தால் அடுத்த வாக்கியமும் நின்றுவிடும். எண்களையும் பேச வேண்டிய வரிசையையும் மட்டும் அரைத்தாளில் குறித்துக்கொண்டு, மொட்டைமாடியில் நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி பேசிப் பழகினேன். சுற்றுலா பற்றிய பகுதியை நீக்கினேன்.

வகுப்பில் கரும்பலகையில் இரண்டு குன்றுகளையும் இடையே ஒரு கோட்டையும் வரைந்து, பாலத்தில் நடந்தவர்கள் யார் என்று கேட்டேன். ஏறக்குறைய அனைவரும் கையை உயர்த்தினர். தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற அடுத்த கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. கடைசி வரிசையினரும் நிமிர்ந்து உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

செமினார் எடுக்கப் போகிறவர்கள் நான்கு நிமிடங்களில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சிய அந்த ஒரு நிமிடத்தில், விளவங்கோடு பக்கத்துத் தோழி ஒருத்தி எழுந்து, கடைமடையிலுள்ள தங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்துசேரும் நாளுக்காக வீட்டில் எப்படிக் காத்திருப்பார்கள் என்று சொன்னாள். நான் படித்த எந்தக் குறிப்பிலும் அது இல்லை.