சிறிய பழைய இரும்பு வியாபாரம்: வாரா வாரம் சரக்கு கிடைக்க என்ன வழி?

மூன்று சக்கரம் கேட்கிறார்:

வணக்கம். பழைய இரும்பு எடுக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. என்னிடம் இருப்பது ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டி, 150 கிலோ வரை நிறுக்கும் தராசு, வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகை. விலையில் எனக்குச் சிக்கல் இல்லை, சரக்கில்தான். ஒரு வாரம் கொட்டகை நிரம்பி வழிகிறது. அடுத்த இரண்டு வாரம் தெருத்தெருவாகச் சுற்றினாலும் எரிபொருள் காசுகூடத் தேறுவதில்லை. வீடுகளில் அகப்படுவது ஓட்டை வாளியும் ஒடிந்த நாற்காலிக் காலும்தான். கைப்பேசிக் குழுக்களில் "மொத்தச் சரக்கு தயார், முன்பணம் அனுப்புங்கள்" என்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நல்லவேளை, இதுவரை அனுப்பவில்லை.

போன மாதம் நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருட்டும் நேரத்தில் ஒருவர் நான்கு மூட்டை செம்புக் கம்பி கொண்டுவந்தார். பளபளவென்று நல்ல நிறம். 62 கிலோ நின்றது. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மொத்த வியாபாரி ஒரு கம்பியை நறுக்கி, வெட்டுமுனையை என் கண்ணுக்கு நேரே நீட்டினார். ஓரத்தில் முடியளவு சிவப்பு வளையம், நடுவெல்லாம் வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு! மூன்று மாத லாபம் அந்த நான்கு மூட்டையோடு போயிற்று.

நம்பிக்கையான இடங்களிலிருந்து தொடர்ந்து சரக்கு எடுக்கப் பழையவர்கள் எங்கே போகிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள்? பெரிய ஆலைகளின் ஏலத்தில் கலந்துகொள்ளலாமா?

பழைய தராசு:

தம்பி, முதலில் அந்தக் கம்பிக் கதையை முடித்துவிடுவோம். மூட்டையைத் தூக்கும்போதே உங்கள் கை சொல்லியிருக்க வேண்டும். செம்பு கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியம் 2.7. பூச்சுக் கம்பி, அதே தடிமனும் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் எடையில் பாதிகூட வராது. இனி ஒவ்வொரு மூட்டையின் அடியிலிருந்தும் ஒரு கம்பியை உருவி நறுக்கிப் பாருங்கள். மேலே இருக்கும் கம்பி காட்டுவதற்காக வைத்தது. சட்டைப் பையில் ஒரு அரமும் ஒரு காந்தமும் இல்லாமல் கொட்டகையில் உட்காராதீர்கள். இருட்டிய பிறகு செம்பு, பித்தளை எதையும் வாங்காதீர்கள்.

சரக்குக்கு வருகிறேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை பரணைத் துப்புரவு செய்தால்தான் ஏதாவது விழும். பட்டறையிலோ இயந்திரம் ஓடும்வரை விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே வீட்டு வாசலை விட்டுவிட்டு, தினமும் கழிவு விழுகிற இடங்களாகப் பாருங்கள். லேத் பட்டறையில் உலோகத்தைக் கடையும்போது விழும் சுருள், வெல்டிங் பட்டறையில் வெட்டுத் துண்டு, அலுமினிய ஜன்னல் செய்பவரிடம் ஓரத் துண்டுகள், மோட்டார் வைண்டிங் கடையில் கருகிய செம்பு, குழாய் வேலை செய்பவரிடம் பித்தளைத் திருகிகள். என் செல்லப்பிள்ளை ஆஃப்செட் அச்சகம். ஒவ்வொரு அச்சு வேலைக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் செலவாகும். எல்லாம் ஒரே தரம், அடுக்கினால் புத்தகம்போல் நிற்கும், மண் கிடையாது, இரும்பு கலப்பு கிடையாது. காகிதக் கழிவுக்கு அங்கே பத்துப் பேர் போவார்கள். தகட்டைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு.

என் முதல் லேத் பட்டறை எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். "எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறான்" என்றுதான் அந்த முதலாளியும் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் விலை பேசவே இல்லை. கதவுக்குப் பின்னால் இடுப்பளவு குவிந்திருந்த சுருளைக் காட்டி, "இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது?" என்றேன். "அவன் எப்போது வருகிறானோ அப்போது எடுப்பான்" என்றார். குவியலின் அடியிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் நடைபாதைவரை ஓடியிருந்தது. எஃகும் பித்தளையும் ஒன்றாகக் கிடந்தன. அதற்கு அவர் வாங்கிக்கொண்டிருந்தது வெறும் இரும்பு விலை.

மறுநாள் மூன்று பீப்பாய்கள் கொண்டுபோனேன். எஃகுக்கு நீலம், பித்தளைக்கு மஞ்சள், அலுமினியத்துக்கு வெள்ளை. அடியில் ஆணியால் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வைத்தேன். எண்ணெய் வடிந்து தட்டில் சேரும், அவர் அதை மறுபடி இயந்திரத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை நான்கு மணிக்கு வருவேன் என்றேன், வந்தேன். மழையிலும் வந்தேன். பித்தளையும் அலுமினியமும் கலந்துவிட்டால் காந்தத்தால் பிரிக்க வழியில்லை என்பதையும் வேலையாட்களிடம் பொறுமையாகச் சொல்லி வைத்தேன். வண்டியில் எப்போதும் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல் ஒன்று வைத்திருப்பேன். நிறுக்கும் முன் அதைத் தராசில் ஏற்றி, 20 காட்டுகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்வேன். முதல் மாதம் முழுக்க ஒரு பையன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நின்றான். இரண்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை, "நீங்களே நிறுத்து எழுதிவிடுங்கள்" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அந்தப் பட்டறை இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

ஏலம் இப்போது வேண்டாம். வைப்புத்தொகை கட்ட வேண்டும், குறித்த நாளுக்குள் மொத்தக் குவியலையும் அள்ள வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை விட முடியாது. உங்கள் வண்டிக்கும் முதலுக்கும் அது தாங்காது. ஏலம் எடுத்தவரைப் பிடியுங்கள். அவர் டன் கணக்கில் யோசிப்பவர். ஓரத்தில் கிடக்கும் பித்தளை வால்வுகளைப் பிரிக்க அவருக்கு நேரம் இருக்காது, உங்களுக்கு இருக்கும். கட்டடம் இடிப்பவர்களிடம் நல்ல சரக்கு வரும்தான். ஆனால் ஒரு கட்டடத்தை ஒரு தடவைதான் இடிக்க முடியும், அதை நம்பி வாடகை கட்டாதீர்கள்.

இன்னொன்று. இந்த உலோகங்களின் விலை லண்டன் உலோகச் சந்தையை ஒட்டி நாள்தோறும் ஏறும், இறங்கும். பட்டறைக்காரரிடம் விலை சொன்னால், எத்தனை நாளைக்கு அந்த விலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏறும் என்று பதுக்கி வைக்கும் வேலை நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாது.

காற்றாடி:

பெரியவர் சொல்வது பழைய காலத்துக்குச் சரி. இன்று யார் கூடுதல் விலை தருகிறாரோ அவரிடம்தான் சரக்கு போகிறது. கிலோவுக்குக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் பீப்பாயும் வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம்.

லேத்காரன்:

நான் விற்கிற பக்கம் இருப்பவன், அதனால் காற்றாடி அவர்களுக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்களிடம் கூடுதல் விலை சொல்லி ஒருவர் வந்தார். முதல் தடவை சொன்னபடி கொடுத்தார். இரண்டாம் தடவை, "எண்ணெய் இருக்கிறது" என்று கண்ணளவில் பத்தில் ஒரு பங்கு கழித்தார். மூன்றாம் தடவை ஐந்து வாரம் கழித்து வந்தார். அதற்குள் நீளச் சுருள் ஒன்று காலில் சுற்றி எங்கள் ஆள் ஒருவருக்குக் கணுக்காலில் தையல் போட வேண்டியதாயிற்று. எனக்கு வருமானம் செய்துகொடுக்கும் பொருளிலிருந்து வருகிறது. சுருள் எனக்கு இடைஞ்சல், அதை நேரத்துக்கு அப்புறப்படுத்துகிறவர்தான் வேண்டும். விலை மிகவும் குறைந்தால் நிச்சயம் கேட்பேன். மற்றபடி ரசீதும் நேரமும் சரியாக இருந்தால் நான் ஆளை மாற்ற மாட்டேன்.

மூன்று சக்கரம் தம்பிக்கு ஒரு குறிப்பு: பட்டறைக்குக் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். வேலை உச்சத்தில் இருக்கும், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மாலை, இயந்திரங்களைத் துடைக்கும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் குப்பை எங்கள் கண்ணில் படும்.

மூன்று இதழ்:

மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்தவன் நான். எங்கிருந்து எடுப்பது என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எதை எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சை மையத்திலிருந்து ஒரு கருவியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அதிசயமாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 249 பேர் உடலில் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. மஞ்சள் பட்டையில் மூன்று இதழ் விசிறிபோல் குறி இருந்தாலோ, சிறிய உருளை ஒன்று அளவுக்கு மீறிக் கனத்தாலோ வெட்டாதீர்கள், விலகி நின்று அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கதிர்வீச்சைத் தடுக்கும் காரீயக் கவசம் நல்ல விலை போகும் என்று ஆசைப்பட வேண்டாம். வால்வு கழற்றாத வாயு உருளையும் அப்படித்தான், காலி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய தராசு:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் ஐயா. இதோடு திருட்டுச் சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறை எரித்த கேபிள், சாக்கடை மூடி, தண்டவாளத் துண்டு, மின்நிலையத்துத் தரைக்கம்பி: இவற்றைத் தனி ஆள் கொண்டுவந்தால் விலையே கேட்காதீர்கள். எரித்த செம்பு எப்படியும் தரம் இறங்கிவிடும், பிளாஸ்டிக் உறையின் புகையும் நஞ்சு. விற்பவரின் பெயர், அடையாள அட்டை, வண்டி எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியே கட்டாயம். நோட்டைக் கண்டதும் "இதோ வருகிறேன்" என்று போய்த் திரும்பி வராதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று சக்கரம்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாலை நேரத்தில் 11 பட்டறைகளுக்குப் போனேன். ஒன்பது பேர் "ஆள் இருக்கிறான்" என்றார்கள். ஒரு வைண்டிங் கடைக்காரர் புதன்கிழமைதோறும் வரச் சொன்னார், இரண்டு முறை எடுத்தாயிற்று. எடைக்கல் வாங்கிவிட்டேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அடுத்த முறை அவரே எடுத்துத் தராசில் வைத்தார்.

இன்னொருவர் எவர்சில்வர் மேசை, அலமாரி செய்பவர். வெட்டுத் துண்டெல்லாம் 304 தரம், அதாவது நிக்கல் கலந்த விலை கூடிய எவர்சில்வர் என்கிறார். ஆனால் வளைத்த ஓரங்களில் என் காந்தம் லேசாகப் பிடிக்கிறது. மறுபடி ஏமாறப் பயமாக இருக்கிறது ஐயா. இவர் பொய் சொல்கிறாரா?

பழைய தராசு:

அவசரப்பட்டு அவரைச் சந்தேகிக்காதீர்கள். 304ஐ வளைத்தால், அடித்தால், அந்த இடத்தில் காந்தம் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். வளையாத நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பலமாக ஒட்டினால் அது 430 போன்ற நிக்கல் இல்லாத வகை. 304இல் சுமார் 8 சதவீதம் நிக்கல், விலையே அதற்குத்தான். ஆனால் ஒட்டாததெல்லாம் 304 ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசையும் ஒட்டாது. தகடு வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், தரம் அதில் இருக்கும். முதல் சுமையை மொத்த வியாபாரியிடம் சோதித்த பிறகு விலையை முடிவு செய்யுங்கள். அதையும் அவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

மூன்று சக்கரம்:

நடுவில் ஒட்டவில்லை. ரசீதில் 304 என்றே இருக்கிறது. சனிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார், பீப்பாய்க்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.