கட்டை மாடியைச் சரிசெய்வதா, இடித்துவிட்டு கான்கிரீட் போடுவதா?

வணக்கம். குடியாத்தத்தில் தாத்தா கட்டிய வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கிய செங்கல், அப்புறம் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. போன ஐப்பசி மழையில் சமையலறைப் பக்கம் ஒழுகியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கட்டைகளின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கிறது. ஆனால் சுவருக்குள் செருகிய முனையில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் ஒரு விரற்கடை உள்ளே போகிறது, ஈர மரத்தூளாக உதிர்கிறது. இப்படி இருப்பது மூன்று கட்டைகள்தான். கரையான் மண் எங்கும் இல்லை.

மேஸ்திரி மொத்தமாக இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இடிக்கிற அதிர்ச்சியில் சுண்ணாம்புச் சுவர் விரிசல் விடுமோ என்ற பயம் ஒன்று. நம்ம வேலூர் கத்திரி வெயிலில் கான்கிரீட் தளத்தின் கீழ் எப்படிப் படுப்பது என்பது இன்னொன்று.

கெட்ட முனைகளுக்கு அடியில், சுவரை ஒட்டி இரும்பு சேனல் கொடுத்துத் தாங்க வைக்கலாம் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா? தட்டோட்டின் மேல் பிற்காலத்தில் பூசிய சிமெண்டுதான் உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்பு போடத் தெரிந்த ஆட்கள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இன்னும் இருக்கிறார்களா? எத்தனை கட்டை கெட்டால் மாடியை மொத்தமாக மாற்றுவதே சரி என்பீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த மழைக்குள் முடிவெடுக்க வேண்டும்.